கடைசி நூறு கோல்

தொழிற்சாலையை மூடப்போகிறோம் என்று சொன்ன அன்று, படம் எடுக்க ஓர் ஆளை அழைத்து வந்திருந்தார் அண்ணன். ஒன்பது பேருக்கு வேலை போகிற செய்தியை எங்கே நின்று சொன்னால் முகம் நன்றாக விழும் என்று முதலில் ஜன்னல் பக்கம் நின்று பார்த்தார். பிறகு பலகை அடுக்கின்மேல் ஏறினார். அந்த இடம் பிடித்துப்போயிற்று.

“உலகம் மாறிப்போச்சு. நம்மள மாதிரி சின்ன கம்பெனிக்கு இனிமே இடமில்ல. நாம தோக்கல. காலம் நம்மளத் தாண்டிப் போயிருச்சு, அவ்வளவுதான்” என்றார்.

எனக்குப் பக்கத்தில் நின்ற கடைசல்காரர் வாயைத் திறக்காமல் மூக்கால் ஒரு சத்தம் போட்டார். அவரை நாங்கள் மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவோம். பெண்டாட்டி தன்னைவிட எவ்வளவு உயரம் என்பதையே மில்லிமீட்டரில் சொல்கிற மனிதர்.

உலகம் ஒன்றும் மாறிவிடவில்லை. பில்லியர்ட்ஸ் கிளப்புகள் முன்பைவிட அதிகமாகத்தான் இருந்தன. சாயங்காலமானால் எல்லா மேசையிலும் ஆள் நின்றது. அத்தனை பேருக்கும் ஆடக் கோல் வேண்டும். எங்களிடம் மட்டும் வாங்கவில்லை. ஏனென்றால் எங்கள் கோல் வளைந்திருந்தது.

இதை நான் சொல்லலாம். பத்தொன்பது வருஷமாக அங்கே என் வேலையே கோலின் நேர் பார்ப்பதுதான். சலவைக்கல் மேசை ஒன்று, அதன் பின்னால் ஒரு விளக்கு. முடிந்த கோலை மேசையில் வைத்து உருட்ட வேண்டும். கோலுக்கும் கல்லுக்கும் நடுவே தெரிகிற வெளிச்சம் ஒரே கோடாக இருந்தால் நேர். அது மூச்சு விடுகிற மாதிரி விரிந்து சுருங்கினால் வளைவு. நேரான கோலின் அட்டையில் ‘நேர் பார்க்கப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவேன். மற்றதைக் கழித்துவிடுவேன்.

அப்பா இருந்தவரை நூற்றுக்கு மூன்றோ நான்கோ கழியும். அப்பா ஒன்றும் மகான் இல்லை. கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும், அது சுத்தியலாக இருந்தாலும் சரி. ஆனால் மரத்திடம் மட்டும் அவருக்குப் பொறுமை இருந்தது. அறுத்த கட்டைகளைக் கூரைக் கொக்கியில் தொங்கவிட்டால் ஆறு மாதம் யாரும் தொடக்கூடாது. பிறகு கடைசலில் கொஞ்சம் சீவி, திரும்பவும் ஒரு மாதம் தொங்கவிட்டு, திரும்பவும் சீவி, இப்படி ஒரு கோல் வெளியே வர ஒரு வருஷம் ஆகும். சீவச் சீவ மரம் உள்ளே இருக்கிற ஈரத்தை விட்டு ஓர் அசைவு அசையும். அசைந்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

அண்ணன் பொறுப்புக்கு வந்த மூன்றாம் வருஷம் ஏதோ கண்காட்சிக்குப் போய்வந்தார். தன் படத்தையே அட்டையில் போட்ட விலைப்பட்டியலோடும், லாரி நிறைய வந்து இறங்கிய ஒரு வெள்ளைப் பெட்டியோடும் திரும்பினார். சூடு போட்டு மரத்தை உலர்த்துகிற பெட்டி. ஆறு மாத வேலையை ஒன்பது நாளில் முடித்துவிடுமாம்.

பெட்டியிலிருந்து வெளியே வந்த முதல் கட்டையை மில்லிமீட்டர் கையில் எடுத்துப் பார்த்தார். விரலால் தட்டினார். முகர்ந்தும் பார்த்தார்.

“சார், வெளியதான் காஞ்சிருக்கு. உள்ள தண்ணி அப்படியே இருக்கு.”

“மெஷின் பொய் சொல்லுமா?” என்றார் அண்ணன்.

“மெஷின் ஒண்ணும் சொல்லல சார். நான்தான் சொல்றேன்.”

“நீங்க சொல்றத இவ்வளவு நாளா கேட்டுத்தான் இந்தக் கம்பெனி இப்படியே இருக்கு.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் மட்டும் யோக்கியம் என்றாகிவிடும். முதல் இரண்டு மாதம் நான் கண்டும் காணாமல் இருந்தேன். வெளிச்சம் லேசாக ஆடியது. ஒரு முடி கனம் இருக்கும். அப்பாவாக இருந்தால் கழிக்கச் சொல்லியிருப்பார். நான் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் புதிதாக ஒன்று செய்கிறார், முதல் அடியிலேயே தங்கை காலை வாரிவிட்டாள் என்று பேர் வரக்கூடாது என்று நினைத்தேன். அன்று பாசம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் வெறும் கோழைத்தனம்.

அந்த ஒரு முடி, வாங்கினவர்கள் கையில் ஒரு விரல் ஆயிற்று. கோல்கள் கட்டுக் கட்டாகத் திரும்பி வந்தன. அண்ணன் கிளப்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். மன்னிப்புக் கடிதம் இல்லை. கோலைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், ஏசி காற்றில் வைக்காதீர்கள், வியர்த்த கையால் தொடாதீர்கள் என்று மூன்று பக்கத்துக்குப் பாடம். ஒரு கிளப்காரர் நேரிலேயே வந்துவிட்டார்.

“வியர்க்காம எப்படிங்க விளையாடறது? உங்க கோலோட விளையாண்டா பயத்துலயே வியர்க்குது” என்றார். ஆறு கோலை என் மேசைமேல் வைத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் போனார்.

அன்று மத்தியானம் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, ரொம்ப அன்பாகக் கேட்டார்: “உனக்குக் கண்ணு எப்படி இருக்கு?”

“எதுக்குண்ணா?”

“இத்தனை கோல் தப்பா போயிருக்கே. பாக்கறது நீதான? வயசாகுதில்ல. தப்பில்லம்மா, எல்லாருக்கும் வர்றதுதான்.”

அண்ணிக்குத் தெரிந்த கண் டாக்டர் ஒருவரிடம் என்னை அனுப்பினார்கள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, எழுத்து வாசிக்கச் சொல்லி, கடைசி வரிக்கும் கீழே அச்சகத்தின் பெயர் பொடியாக இருந்ததே, அதையும் நான் வாசித்ததும் சிரித்துவிட்டார். “இந்தக் கண்ண வச்சுக்கிட்டு எதுக்கும்மா இங்க வந்தீங்க?” என்றார். சீட்டைக் கொண்டுவந்து அண்ணனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, இன்னொரு டாக்டரையும் பார்த்துவிடலாம் என்றார்.

அன்றிலிருந்து ஒரு கோலுக்கும் இரக்கம் காட்டவில்லை. நூற்றுக்கு அறுபது, எழுபது கழிந்தது. கழித்ததை அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் அட்டை இல்லாமலே எடுத்து அனுப்புவார், அது திரும்பி வரும். இப்படி ஒரு வருஷம் இழுத்த பிறகுதான் பலகை அடுக்கின்மேல் ஏறி, காலம் நம்மைத் தாண்டிப் போய்விட்டது என்றார்.

பேச்சோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ‘கடைசி நூறு’ என்று ஒரு யோசனை அண்ணிக்கு வந்தது. மூடுவதற்கு முன்னால் நூறே நூறு கோல், ஒவ்வொன்றிலும் எண் பொறித்து, வெல்வெட் உறை போட்டு, விடைபெறும் விழா வைத்து விற்பது. மரம் மட்டும் அந்த வெள்ளைப் பெட்டியில் வெந்த மரம்தான். வேறு எது இருந்தது?

நூறையும் உருட்டிப் பார்த்தேன். முப்பத்தொன்று நேர். முப்பத்தொரு அட்டையில் கையெழுத்துப் போட்டு, மீதி அட்டைகளை வெறுமனே ரப்பர் பேண்டு போட்டு வைத்தேன்.

அண்ணனும் அண்ணியும் சேர்ந்தே வந்தார்கள்.

“மீதி?” என்றார் அண்ணன்.

“வளைஞ்சிருக்கு.”

“இந்த நேரத்துல உன் வீம்பக் காட்டணுமா?”

“வீம்பு இல்லண்ணா. நீங்களே உருட்டிப் பாருங்க.”

அவர் உருட்டவில்லை. பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளும் உருட்டியதில்லை. அண்ணிதான் என் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை வைத்தார்.

“இங்க பாரும்மா. இத வாங்கறவங்க யாரும் விளையாடப் போறதில்ல. நினைவுக்குன்னு வாங்கிச் சுவத்துல மாட்டுவாங்க. சுவத்துல மாட்டினா வளைஞ்சது தெரியவா போகுது?”

“அப்ப ‘சுவத்துல மாட்டறதுக்கு’ன்னு அட்டைல போட்டுருங்க அண்ணி. அதுக்குக் கீழ கையெழுத்துப் போடறேன்.”

தோளிலிருந்து கை எடுபட்டது.

இரண்டு நாள் கழித்து என் மேசையில் அட்டைகளைக் காணோம். வார்னிஷ் அறையில் மில்லிமீட்டர் என்னை ஜாடை காட்டிக் கூப்பிட்டார். வெல்வெட் உறைகளில் கோல்கள் அடுக்காக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை. அத்தனையிலும் என் கையெழுத்து. நீல மசியில், ஒரே சாய்வில், நூறிலும் ஒரே மாதிரி. ரப்பர் முத்திரை செய்துவிட்டார்கள். நான் போட்டிருந்த முப்பத்தொன்றையும்கூட எடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் முத்திரை. அழகு கெடக்கூடாதாம்.

“போலீசுக்குப் போலாமா?” என்றார் மில்லிமீட்டர்.

“அண்ணன் மேல போலீசா?”

“அப்ப சும்மா இருக்கலாமா?”

வீட்டுக்குப் போய், துணியெல்லாம் துவைத்தேன். துவைத்ததையே இன்னொரு தடவையும் துவைத்தேன்.

விழா ஞாயிறு காலை. கடைசல் இயந்திரங்களுக்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள். மரத்தூள் வாசனை பிரபலங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அண்ணி ஏதோ வாசனைத் தைலம் தெளித்திருந்தார். நடுவில் பச்சைத்துணி விரித்த ஆட்ட மேசை. அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் எங்கள் கோலைத் தொட்டே பார்க்காதவர்கள். சிறப்பு விருந்தினராக, முன்பு பட்டம் வென்று இப்போது ஓய்வில் இருக்கிற ஒரு சாம்பியன். மெலிந்த மனிதர், அதிகம் பேசாதவர். அண்ணன் பேசியதை எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பேச்சில் ‘நேர்மை’ என்ற சொல் ஏழு தடவை வந்தது. எண்ணியவர் மில்லிமீட்டர், அதனால் கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

முதல் எண் கோலை உறையிலிருந்து எடுத்து அண்ணன் சாம்பியனிடம் நீட்டினார். கேமராக்கள் சூழ்ந்தன. சாம்பியன் அதை வாங்கி, ஆடுகிறவர் யாரும் தன்னையறியாமல் செய்வதைச் செய்தார். மேசையில் வைத்து உருட்டினார்.

கோல் நொண்டியது. அதன் நுனி துணிமேல் குதித்துக் குதித்துப் போய், ஓரத்தில் இடித்து நின்றது.

யாரோ இருமினார்கள். அண்ணன் சிரித்தபடி, “பயணத்துல... சூட்டுல...” என்றார். கோல் பக்கத்து அறையிலிருந்துதான் வந்திருந்தது. சாம்பியன் இரண்டாவதை எடுத்து உருட்டினார். அது இன்னும் மோசம். மூன்றாவதை உருட்டாமல், அட்டையை எடுத்து வாசித்தார்.

“நேர் பார்த்தது யாருங்க?”

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை. கெஞ்சல் இருந்தது. அதுதான் என்னைத் தடுமாற வைத்தது. சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு, “நீ உடைச்சன்னு சொல்லேன்” என்று நிற்பாரே, அதே முகம். பல தடவை சொல்லியிருக்கிறேன். அடியும் வாங்கியிருக்கிறேன்.

“என் பேருதான் இருக்கு. ஆனா அது முத்திரை. நான் பாத்துச் சரின்னு சொன்னது முப்பத்தொண்ணுதான்” என்றேன்.

அண்ணி, “அவளுக்குக் கொஞ்ச நாளா கண்ணு சரியில்ல” என்று பக்கத்திலிருந்தவரிடம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

“எந்த முப்பத்தொண்ணு?” என்றார் சாம்பியன்.

போய் எடுத்தேன். உறைகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே பிடித்து, நேரானதை மட்டும் மேசைக்குக் கொண்டுபோனேன். மில்லிமீட்டர் கேட்காமலே வந்து கூடச் சேர்ந்து சுமந்தார். சாம்பியன் ஒவ்வொன்றாக உருட்டினார். சத்தமே இல்லாமல் ஓடின. பத்தாவதுக்குமேல் உருட்டுவதை நிறுத்திவிட்டு, அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அண்ணன் பின்னாலேயே ஓடினார்.

இத்தோடு அண்ணன் தலை குனிந்தார் என்று நினைக்கிறவர்கள், அந்த அறையில் இருந்தவர்களைத் தெரியாதவர்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் விற்றுப்போயிற்று. வளைந்ததுதான் முதலில் போனது. சின்ன எண்கள் எல்லாம் வளைந்ததில்தான் இருந்தன. ஒருவர் முதல் எண் கோலை அணைத்துப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, “வளைவுதானே இதுக்கு ஒரு கேரக்டரக் கொடுக்குது!” என்றார். நேரான கோல்களில் பதினொன்றை, டீ குடிக்காமல் போனாரே, அந்தக் கிளப்காரர் வாங்கிக்கொண்டார். அவர் மட்டும்தான் உருட்டிப் பார்த்து வாங்கினார்.

மில்லிமீட்டர் இப்போது மாடிப்படிக் கைப்பிடி செய்கிற இடத்தில் இருக்கிறார். அங்கே சென்டிமீட்டரில் பேசுகிறார்களாம். அதைச் சொல்லும்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. நான் அதே கிளப்காரரிடம் சேர்ந்தேன். கோல் நுனியில் தேய்ந்த தோலை மாற்றி ஒட்டுகிற வேலை.

அண்ணனோடு எட்டு மாதம் பேச்சில்லை. பிறகு அண்ணி போன் செய்தார்.

“அண்ணன் பெரிய ஹால்ல பேசப் போறாரு. தொழில கண்ணியமா எப்படி மூடறதுன்னு. நீ முன் வரிசைல உக்காரணும்னு ஆசைப்படறாரு.”

போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், ஒரு வார்த்தை சொல்வாரோ என்று பார்க்கத்தான். அத்தனை நடந்த பிறகும் எனக்கு அந்த நப்பாசை.

சொன்னார். விழாவன்று நடந்ததையே சொன்னார். சாம்பியன் கையில் கொடுக்கும் முன்பே, கோல் வளைந்திருப்பதைத் தானே கண்டுபிடித்தாராம். அத்தனை பேர் முன்னாலும் விற்பனையை நிறுத்தினாராம். “என் தங்கச்சியே என்னைத் தடுத்தா. ஆனா நான் விட்டுக்கொடுக்கல” என்று என் பக்கம் கையை நீட்டினார். ஹாலே எழுந்து கைதட்டியது.

எல்லோரும் நின்றிருந்ததால் வெளியே வருவது சுலபமாக இருந்தது. வராந்தாவில் இடைவேளைக்கென்று டீ தயாராக இருந்தது. ஒரு கோப்பை வாங்கிக் குடித்தேன். டீ நன்றாகத்தான் இருந்தது. உள்ளே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு கோப்பை வாங்கிக்கொண்டு, படியில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.