ஊத ஒருவர், ஏச ஒருவர்

மாமாவுக்கு நாள்பட்ட நுரையீரல் நோய். தையல்கடை தரைத்தளத்தில், வீடு மூன்றாம் மாடியில். படியேற முடியாமல் சில மாதங்களாகக் கடையிலேயே, துணி வெட்டும் மேசைமீது படுத்துக்கொள்கிறார். அத்தை வேளாவேளைக்குச் சாப்பாட்டைச் சுமந்து இறங்கி ஏறியதில், அவள் முழங்காலும் நோயாளியாகிவிட்டது.

மூச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தால் மெல்ல மெல்லப் படியேறலாம் என்றார் மருத்துவர். அதில் சேர, ஊதும் பரிசோதனை சரியாக வர வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை வரவில்லை. இன்றும் வராவிட்டால் இடம் வேறொருவருக்கு. துணைக்கு நானும் போயிருந்தேன்.

வராததற்குக் காரணம் மாமாவின் சிக்கனம். வெட்டுத்துணியைக்கூட வீணாக்காதவர். நெஞ்சிலிருப்பதையெல்லாம் குழாயில் ஊதிக் காலிசெய்யச் சொன்னால், பாதியை ஊதிவிட்டு மீதியைப் பத்திரப்படுத்திவிடுவார்.

"எல்லாத்தையும் இங்கேயே கொட்டிட்டா, வீட்டுக்குப் போக எதை வச்சும்மா மூச்சு விடுறது?" என்று டெக்னீஷியன் பெண்ணிடமே கேட்டார்.

அவள் முன்பெல்லாம் நன்றாகக் கத்துவாளாம். "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க!" என்றால் வராந்தாவில் போகிறவர்கள்கூட ஊதிவிட்டுப் போவார்களாம். யாரோ மனம் புண்பட்டதாகப் புகார் சொல்ல, நிர்வாகம் சேவையை மேம்படுத்திவிட்டது. இப்போது சுவரில், 'ஊழியர்கள் மென்மையாகப் பேசவும்' என்று ஒரு பலகை.

"இன்னும் கொஞ்சம் ஊதுங்க சார், முடிஞ்சா..." என்று தாலாட்டினாள் அவள்.

முடியவில்லை என்று மாமா முடித்துக்கொண்டார். திரையில் கோடு மலைபோல் ஏறி, இறங்குகிற வழியில் பாதியிலேயே தொப்பென்று விழுந்தது.

அத்தை எழுந்து பலகையைப் படித்தாள்.

"இது வேலை பாக்குறவங்களுக்குத்தானே?"

"ஆமாம்மா."

"நான் இங்க வேலை பாக்கலை."

மாமா மறுபடி மூச்சை இழுத்து உதட்டைக் குழாயில் பொருத்தினார். கல்யாணமான நாளிலிருந்து 'என்னங்க' என்றே அழைத்துவந்த வாய், "ஊதுய்யா!" என்றது. எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

"என் தம்பி கல்யாணத்துல, சாப்பாடு லேட்டுன்னு மண்டபமே அதிரக் கத்துனியே, அந்த மூச்சு எங்க? ஊது! நிறுத்தாதே! எங்கம்மாவை வாயாடின்னு சொன்னியே, அதுல மிச்சம் இன்னும் உள்ளதான் இருக்கு. அதையும் வெளிய விடு!"

மாமாவின் விழி பிதுங்கியது. பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் வாயில் குழாய், மூக்கில் கிளிப். பதிலெல்லாம் காற்றாகவே போனது. கோடு ஏறியது, சரிந்தது, சரிந்துகொண்டே போய்த் தரையைத் தொட்டது.

"வந்துடுச்சு!" என்று டெக்னீஷியன் கத்தியேவிட்டாள். பிறகு பலகையைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "ஒரே மாதிரி மூணு வேணும்மா."

"மூணுதானா?" என்றாள் அத்தை.

அடுத்ததற்கு மாமா வாங்கிய முதல் கடனையும், அதற்கடுத்ததற்கு அவருடைய அக்காவையும் எடுத்துக்கொண்டாள். இரண்டும் அச்சு அசலாக வந்தன.

மருத்துவர் திரையை வெகுநேரம் பார்த்தார். "இப்பத்தான் நெஞ்சு நிலவரமே தெரியுது. இன்ஹேலரை மாத்தணும். திங்கக்கிழமை வகுப்புக்கு வந்துடுங்க."

"உன் தம்பிதான்... முதல்ல கத்துனான்" என்றார் மாமா, மூச்சு திரும்பியதும். அத்தை முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாங்கள் கிளம்பும்போது பரிசோதனை அறைக் கதவு லேசாகத் திறந்தது. உள்ளே குழாயும் கையுமாக ஒரு பெரியவர், பக்கத்தில் அவர் மனைவி.

"அம்மா, ஒரு நிமிஷம் வர்றீங்களா?" என்றாள் டெக்னீஷியன், மிக மென்மையாக.

அத்தை உள்ளே போய் அந்த மனைவியிடம் கேட்டாள். "இவரு உங்களை என்னென்ன சொல்லியிருக்காரு? சுருக்கமா சொல்லுங்க."

அந்த அம்மாள் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சுருக்கமாவா?"