வாலில் கட்டிய படகு

நான் இந்த ஓவியக்கூடத்தில் தரை துடைக்கும் பணியாளன் ஆவேன். இதற்கு முன்னர் பதினேழு ஆண்டுகள் மீன்பிடிப் படகில் உழைத்தேன். முழங்கால் பழுதுற்றதால் கரையேறினேன்.

எங்கள் கூடத்தின் பெருமை ஓர் இம்ப்ரெஷனிச ஓவியம். அருகில் நின்றால் வெறும் வண்ணத் திட்டுகள். பத்தடி விலகினால் அமைதியான மீன்பிடித் துறைமுகம், அதில் ஆறு படகுகள். சென்ற மாதம் அதனைச் சுத்தம் செய்யப் பின்னறைக்குக் கொணர்ந்தனர். பழைய ஓவியங்களைச் செப்பனிடும் அம்மையார் அதன்முன் அமர்ந்திருந்தார்.

"இந்தப் பழுப்புக் கோடு பின்னாளில பட்ட கறைண்ணே. எடுத்துட்டா தண்ணி பளிச்சுனு ஆயிடும்" என்றவர், பஞ்சு சுற்றிய குச்சியை மருந்தில் நனைத்தார்.

அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். "பொறுங்கம்மா! அது கயிறு!"

வாயிற்காவலர் மீசைக்காரர் சிரித்தார். "வந்துட்டாருய்யா கப்பல் கேப்டன்! வாளியத் தூக்கிட்டு நடப்பா."

"நீ சும்மா இரு மீசை. அம்மா, அஞ்சு படகு மூக்கும் வலது பக்கம் பாக்குது. நீரோட்டம் அங்கேருந்து வருது. மூக்குல கட்டுன படகு ஓட்டத்த எதுத்துதான் நிக்கும். இந்த ஒண்ணு மட்டும் முதுகக் காட்டுது பாருங்க. வால்ல கட்டினாத்தான் அப்படித் திரும்பும். உங்க கறையும் சரியா வால்லேருந்துதான் தொடங்குது."

"எந்த மடையன் வால்ல கட்டுவான்?" என்றார் மீசைக்காரர்.

"நான் கட்டியிருக்கேன். வீட்டுக்காரிக்கு வலி கண்டுடுச்சுன்னு சேதி வந்த அன்னிக்கு, கைக்குக் கிடைச்ச பக்கம் முடிச்சுப் போட்டுட்டு ஓடினேன்."

அம்மையார் குச்சியை வைத்துவிட்டு உருப்பெருக்கியை இழுத்தார். நெடுநேரம் பார்த்தார்.

"கோடு மேல பூசின மெருகுக்கு அடியில இருக்குண்ணே. ஓவியரே போட்டது. நான் துடைச்சிருந்தா திரும்பி வந்திருக்காது." அவர் மருந்துப் புட்டியை மூடினார். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றது?"

"அந்த ஓவியருக்குச் சொல்லுங்கம்மா" என்றேன். அவசரத்தில் ஒருவன் செய்த பிழையை அவர் திருத்தாமல் வரைந்தார் அன்றோ? அவன் யாரைக் காண ஓடினானோ, அறியேன். நான் ஓடிச் சென்றபோது என் மகள் பிறந்து கால்மணி நேரம் ஆகியிருந்தது. இருவரும் நலம். அந்த நன்றிக்கும் சேர்த்து, மீண்டும் கூடத்தில் மாட்டிய அவ்வோவியத்தின் எதிரில் மட்டும் நாள்தோறும் தரையை இருமுறை துடைக்கிறேன்.

"தேய்ஞ்சுடப் போவுதுய்யா தரை" என்கிறார் மீசைக்காரர்.