முப்பத்தேழாம் பண்ணையின் குடும்ப உழைப்பு

சாகுபடிச் செலவு ஆய்வு அலுவலகத்தில் அவள் கள ஆய்வாளர். பத்துப் பண்ணைகளுக்கு வாரம் ஒருமுறை போய், யார் எந்த வேலையை எத்தனை மணி நேரம் செய்தார்கள் என்று கேட்டுப் படிவத்தை நிரப்ப வேண்டும். பதினோரு வருடமாக இதே வேலை. கேட்டால் பதில் வரும், வந்ததை எழுதினால் முடிந்தது என்றுதான் இருந்தாள்.

முப்பத்தேழாம் எண் பண்ணையில் மூன்று ஏக்கர் கத்தரி, மூன்று பசு, ஒரு விவசாயி, அவர் மனைவி. பிள்ளைகள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார்கள்.

"நான் எட்டு மணி நேரம்," என்பார் விவசாயி.

"அக்கா?"

"அவ வீட்டுல சும்மாதானே இருக்கா."

அவர் இதைச் சொல்லும்போதெல்லாம் மனைவி தலையில் புல்லுக்கட்டோடு இருவருக்கும் நடுவே கடந்து போவாள். "ஆமா, சும்மான்னே எழுதிக்கோங்க," என்று கட்டுக்குள்ளிருந்து குரல் வரும். சும்மா இருப்பதற்குப் படிவத்தில் ஒரு குறியீட்டு எண் உண்டு. ஒன்பது.

ஒரு வாரம் ஆய்வாளருக்கு மனசு கேட்கவில்லை. விடிந்ததும் விடியாததுமாகப் போய், கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் கடிகாரத்தோடு உட்கார்ந்துகொண்டாள். சமையலையும் துவைப்பதையும் சேர்க்கவில்லை, கையேடு விடாது. பால் கறந்தது, சாணி அள்ளியது, காய் பறித்தது, தரம் பிரித்தது மட்டும் ஒன்பது மணி நாற்பது நிமிடம் வந்தது. விவசாயிக்கு ஆறு மணி பத்து நிமிடம். மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றதும் அதில் சேர்த்தி.

படிவம் போய்ச் சேர்ந்த மறுநாளே தலைமை அலுவலகத்திலிருந்து டாக்டர் போனில் கூப்பிட்டார். பொருளாதாரத்தில் டாக்டர். ஒருமுறை ஏதோ ஒரு பண்ணையில் ஆள் தெரியாமல், கன்று போட முடியாமல் தவித்த பசுவிடம் அவரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர் பசுவின் வயதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"இந்த நேரத்தையும் சேர்த்தா முப்பத்தேழு நஷ்டத்துல போகுதேம்மா."

"நஷ்டத்துலதான் சார் போகுது."

"நஷ்டம்னா யாராவது விவசாயம் பண்ணுவாங்களா? அவங்க பண்றாங்க. அப்போ நஷ்டம் இல்ல. நம்ம கணக்கு மாடல் அப்படித்தான் எடுத்துக்கும்."

"அந்தம்மா வேலை செஞ்சதை நான் கண்ணால பாத்தேன் சார்."

"செஞ்சிருப்பாங்க. அந்த நேரத்துல வெளியில வேற வேலைக்குப் போக முடியும்னாத்தான் அதுக்கு மதிப்பு. போக இடமில்லன்னா பூஜ்யம். கேட்டு எழுதுங்க."

கேட்டாள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

விவசாயியின் மனைவி குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். "வெளியில எங்கயாவது உங்களுக்கு வேலை கிடைக்குமாக்கா?"

"எதுக்கு?"

"கிடைக்கும்னா உங்க உழைப்புக்கு ஒரு மதிப்பு போடலாம். இல்லன்னா பூஜ்யம் போடணும்."

அந்த அம்மாள் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். "இவ்வளவு நாளும் பூஜ்யமா போட்டீங்க?"

"ஆமாக்கா."

"சரி. விசாரிச்சுச் சொல்றேன்."

அடுத்த வாரம் போனபோது அந்த அம்மாள் விசாரித்து முடித்து வேலைக்கும் போயிருந்தாள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி விதைப் பொட்டலம் கட்டும் கூடம். எட்டு மணி நேரம். ஐந்து மணிக்கு மணி அடித்துவிடுவார்கள். முதுகு சாய்கிற நாற்காலி.

ஆய்வுக்கு உட்பட்டவர்களின் முடிவில் தலையிடக் கூடாது என்பது கையேட்டின் முதல் விதி. 'என் கேள்வியே காரணம்' என்று ஆய்வாளர் குறிப்புப் பகுதியில் தானே எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

விவசாயி முதல் வாரம் வீறாப்பாகச் சமாளித்தார். இரண்டாம் வாரம் பசு உதைத்தது. கூலிக்கு இரண்டு பேரை வைத்தார். பத்து நாளில் கட்டுப்படியாகாமல் நிறுத்தினார். மூன்றாம் மாதம் இரண்டு பசுக்களை விற்று, ஒரு ஏக்கரைத் தரிசாகப் போட்டார்.

"ஒரே கேள்வியில என் குடும்பத்தைக் கலைச்சிட்டீங்களேம்மா," என்றார். குரலில் கோபமில்லை.

"அக்காதான் சாயங்காலம் வந்துடறாங்களே?"

"வந்துடறா. வந்து உக்காந்துக்கறா."

அன்றைய அவர் உழைப்பு பதினோரு மணி நேரம். ஆய்வாளர் எழுதிக்கொண்டாள்.

"இதுக்கு என்ன மதிப்பு போடுவீங்க?"

விதி எல்லாருக்கும் ஒன்றுதான். "உங்களுக்கு வெளியில வேலை ஏதாவது..."

"கேட்டுப் பாத்துட்டேன். அந்தக் கூடத்துலயே போய்க் கேட்டேன். இந்த வயசுக்கு மேல எடுக்க மாட்டாங்களாம். முட்டியும் சரியில்ல."

அவள் பேனாவை நிறுத்தினாள். மறைக்க மனம் வராமல், பூஜ்யம்தான் என்று சொல்லிவிட்டாள்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க," என்றார் விவசாயி.

அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவர் கூடத்துக்கு வந்து வேலை கேட்டபோது மனைவி நாலாவது நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வீட்டில் அதைப் பற்றி அவளும் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து, மணி அடித்து வந்ததும் காய்க் கூடையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரோடு ஒரு மணி நேரம் தரம் பிரித்தாள். ஒன்றுதான், அதற்கு மேல் ஒரு நிமிடம் இல்லை. "இதை எழுதச் சொல்லுங்க," என்று அவரிடம் சொல்லி வைத்தாள். அவரும் வாரம் தவறாமல் அந்த ஒரு மணி நேரத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் தன்னுடையதைச் சொன்னார்.

வருட முடிவில் டாக்டர் முப்பத்தேழாம் பண்ணையை விதிவிலக்கு என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். மீதி எல்லாப் பண்ணைகளும் மாடலுக்குப் பொருந்தின. ஆய்வாளரின் குறிப்பைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த எண்ணுக்கு வேறொரு பண்ணையைப் பிடிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது.

பிடித்தாள். புது விவசாயி, "நான் எட்டு மணி நேரம், அவ வீட்டுலதான் இருக்கா," என்றார். ஆய்வாளர் அதை எழுதிக்கொண்டு, தண்ணீர் வேண்டும் என்று சொல்லி, அவர் மனைவியைத் தேடித் தனியாக உள்ளே போனாள்.