மச்சினனுக்கு மாட்டிய கிளிப்

மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது. என் மச்சினன் எனக்குத் தர வேண்டிய பாக்கி. வாய் விட்டுக் கேட்டால் மனைவியின் முகம் சுருங்கும். கேட்காவிட்டால் எனக்கு மனசு ஆறாது. அவனாக நினைத்துக் கொடுத்தால்தான் எல்லாருக்கும் மரியாதை.

அதனால்தான் அறுபது தாண்டிய, நோய்நொடி இல்லாதவர்கள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது அவனையும் இழுத்துக்கொண்டு போனேன். காதில் ஒரு கிளிப் மாட்டி, அங்கே ஓடும் நரம்புக்கு லேசாகக் கரண்ட் கொடுப்பார்கள். ஊசி, கத்தி எதுவும் கிடையாது. ஞாபகம் கூடுகிறதா என்று பார்க்கிற ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு வெறும் கிளிப்தான், கரண்ட் வராது. யாருக்கு எது என்று சொல்ல மாட்டார்கள்.

"மாமா, எனக்குச் சுருக்கு சுருக்குன்னு இருக்கு. ஒங்களுக்கு?"

"ஒண்ணும் தெரியல மாப்ள."

"மூட்டை தூக்கித் தூக்கி ஒங்க காதும் காய்ச்சுப் போச்சு. கரண்டே பயந்து திரும்பிப் போயிருக்கும்."

கிளிப் மாட்டிய நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

திரையில் ஒவ்வொரு முகமாக வரும், கீழே அவர் தொழில் இருக்கும். பிறகு முகத்தை மட்டும் காட்டித் தொழிலைக் கேட்பார்கள். டிரைவர், டெய்லர் என்று மச்சினன் எல்லாம் சரியாகச் சொன்னான். பாக்கியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

"பழசு ஏதாச்சும் ஞாபகம் வருதா மாப்ள?" என்று பஸ்ஸில் தூண்டில் போட்டேன்.

"வருதே! பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா செருப்பப் போட்டுக்கிட்டுப் போனீங்களே!"

ஆறாவது வாரம், கடைசி நாள். திரையில் ஒரு வழுக்கைத் தலை வந்தது, கீழே 'பெயிண்டர்' என்று இருந்தது. மச்சினனும் பெயிண்டர்தான். சட்டென்று முகமெல்லாம் நீலப் பொட்டோடு அவன் எங்கள் சமையலறை ஏணியில் நிற்பது தெரிந்தது. நாலு நாள் வேலை, கூலி வாங்கவில்லை. "நம்ம கணக்கு நேராப் போச்சு மாப்ள" என்று சொன்னவன் நான்தான்.

அப்போது எனக்கு எழுதத் தெரியாது, கணக்கெல்லாம் தலையில். ஐம்பத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றதும் எல்லாவற்றையும் நோட்டில் ஏற்றினேன். கொடுத்தது ஏறியது, கழிந்தது விட்டுப்போயிற்று. எழுதிய பிறகு தலையை யார் கேட்கிறார்கள்?

வீட்டில் சொன்னேன். "எட்டு வருஷமா இதுக்கா என் தம்பிகிட்ட உர்ருன்னு இருந்தீங்க?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மச்சினன் முழித்தான். "கடனா? எனக்கு ஞாபகமே இல்லியே மாமா. எனக்கு மாட்டுனது வெறும் கிளிப்புதான் போல."

நோட்டை எடுத்து அந்த வரியை அழுத்தி அடித்தேன். பக்கத்தில் எழுத்துக் கூட்டி எழுதினேன்: சமையலறை, நீல பெயிண்ட், நாலு நாள்.