பிரெஞ்சில் கத்தும் தவளைகள்

திற்பரப்புக்குக் கீழே, வாய்க்கால் திரும்புகிற இடத்தில் கிடக்கும் ஆயினிக்கோணம் ஏலாவில் இப்போது தவளைகள் பிரெஞ்சில் கத்துகின்றன. ஏலா என்றால் ஒருகாலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயல். இன்று வீடுகளும் வாழையும் எடுத்துக்கொண்டது போக, தண்ணீர் நிற்கிற வயல் என்று மிஞ்சியது ததேயுஸ் என்பவரின் ஒரு துண்டு மட்டும். அந்தத் துண்டில்தான் இவ்வளவு சத்தமும். ஊரில் யாரும் இதைப் பெரிய அதிசயமாகப் பேசுவதில்லை. தவளை எந்தப் பாஷையில் கத்துகிறது என்பதைவிட, தவளை கத்துகிறது என்பதுதான் அவர்களுக்குச் செய்தி. முப்பது வருஷத்துக்கு மேலாக அங்கே ஒரு தவளையும் வாய் திறந்ததில்லை.

அதற்கு முன்பு ஐப்பசியில் மழை வலுத்துவிட்டால், கல்யாண வீட்டு மைக் செட்டுகூடத் தவளைகளிடம் தோற்றுப்போகும். பிள்ளைகள் அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகி, அது இல்லாத கோடையில் சிணுங்கினார்கள். அதெல்லாம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை, பசியும் இருந்தது. பசி இருந்ததால்தான், பிரான்சுக்குத் தவளைக்கால் அனுப்புகிற கம்பெனிக்காரர்கள் வந்து கேட்டபோது இளவட்டங்கள் பெட்ரோமாக்ஸ் விளக்கும் சாக்குமாக வயலில் இறங்கினார்கள். அவர்களில் கைவேகம் ததேயுஸுக்குத்தான். கண்ணில் வெளிச்சம் பட்டதும் தவளை அசையாமல் உட்கார்ந்துவிடும், கத்தரிக்காய் பறிப்பதுபோல் பறித்துப் போட வேண்டியதுதான். கால்கள் ஐஸ் பெட்டியில் கப்பலேறின. மீதி உடம்பு வாய்க்காலோடு போனது. பிறகு அரசாங்கம் தடை போட்டது. அப்போது ஆயினிக்கோணத்தில் தடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

ததேயுஸ் கல்யாணம் முடித்தார், ரப்பர் பால் வெட்டினார், ஷைஜா என்று ஒரே மகளைப் பெற்று நர்ஸ் படிக்கவைத்தார். சபையில் அவர்மேல் ஒரு சொல் கிடையாது. ஆனால் அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து ஞாயிறுகளில் மட்டும் பிரசங்கம் முடிந்ததும் எழுந்துபோய் மணிக்கூண்டின் கீழே நிற்பார். யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் முதலில் அவர்களோடு ஒப்புரவாகிவிட்டுத்தான் அப்பத்துக்குக் கைநீட்ட வேண்டும் என்பது அந்தச் சபையில் மிஷனரி காலத்துக் கண்டிப்பு. தம்பியோடு எல்லைத் தகராறு என்று ஊர் முடிவு கட்டியது. தம்பியே அதை நம்பிவிட்டார், ஒரு மட்டி வாழைக்குலையோடு வந்து அழுதார். ததேயுஸ் அவரைக் கட்டிப்பிடித்தார், குலையையும் வாங்கிக்கொண்டார், அடுத்த திருவிருந்துக்கும் மணிக்கூண்டின் கீழேதான் நின்றார். மனைவி நேசபாய்க்கு மட்டும் காரணம் தெரியும். ஒப்புரவாக வேண்டியவர்களில் ஒருவரும் உயிரோடில்லை என்றால் மனிதன் எங்கே போய் நிற்பான்?

ஷைஜாவின் கணவன் ஆன்ஸ்லின் முதலில் குவைத்துக்குப் போனான், அங்கிருந்து கனடாவில் மான்ட்ரியலுக்குப் போனான். மனைவியை அழைத்துக்கொள்ள அவள் பிரெஞ்சுப் பரீட்சை எழுத வேண்டும் என்றான். அவள் மார்த்தாண்டத்தில் டியூஷனுக்குச் சேர்ந்தாள். பாண்டிச்சேரிக்கார வாத்தியார் ஒரு தடித்த நாவலைக் கொடுத்து, வாய்விட்டு வாசி என்றார். சதுப்பு நிலத்தை வற்றவைத்துவிட்ட ஓர் ஊரில் தனியாக மிஞ்சிய ஒருத்தி, அங்கே வாழ்ந்த நாரையையும் விலாங்கையும் தவளையையும் சொந்தக்காரர்களைக் கூப்பிடுவதுபோல் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற கதை. பிரெஞ்சில் இப்படி ஏராளம் உண்டாம். மரமும் மிருகமும் மனிதரும் ஒரே வீட்டு ஆட்களாகச் சண்டையிட்டுக்கொள்கிற கதைகள். தவளைக்காலைத் தின்றதும் அந்தப் பாஷைதான், காணோமே என்று கண்ணீர் விட்டதும் அந்தப் பாஷைதான். இதில் நாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிடித்துக் கொடுத்தது நாம். எழுதுவதில் மட்டும் அவர்கள் முந்திக்கொண்டார்கள்.

வீட்டில் டிவி சத்தம் என்று ஷைஜா வயல் வரம்பில் குடை பிடித்து உட்கார்ந்து வாசித்தாள். ழகரத்தைச் சுத்தமாகச் சொல்கிற நாக்கு பிரெஞ்சு ரகரத்தில் தடுக்கி விழுந்தது. அதை நாக்கில் உருட்டக் கூடாது, தொண்டைக்குள் கொப்பளிக்க வேண்டும். தவளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அத்தியாயம் வந்த அன்று, தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தவளை அவளைத் திருத்தியது. மறுநாள் ஒரு கூட்டமே திருத்தியது. கார்த்திகை பிறப்பதற்குள் அவள் ரகரம் வாத்தியாரே பொறாமைப்படும்படி ஆயிற்று. கால் மட்டும்தானே போனது, முழு உடம்பாக எப்படித் திரும்பி வந்தீர்கள் என்று அவள் கேட்டதற்கு, கதைகளுக்குள் ஒட்டவைத்துக்கொண்டோம் என்றனவாம். அவளுக்கு அது நியாயமாகப் பட்டது.

சத்தம் கேட்ட முதல் நாளே ததேயுஸ் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். பாஷை புரியவில்லை, குரல் புரிந்தது. தனியாக வயலில் நின்று தமிழில் மன்னிப்புக் கேட்டார், பிறகு தெரிந்த மலையாளத்திலும் கேட்டுப் பார்த்தார். தவளைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதற்கிடையில் வேறொரு காரியமும் நடந்துகொண்டிருந்தது. அந்த வயலை நிரப்பி ஷைஜாவுக்கு மாடி வீடு கட்டுவது என்று ஆன்ஸ்லினுக்கு அவர் எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார். லாரிகள் வந்து செம்மண்ணை ரோட்டோரம் குவித்துவிட்டுப் போயிருந்தன. மழை விட்டதும் வயலுக்குள் தள்ள வேண்டியது பாக்கி.

திருவிருந்துக்கு முந்தின நாள் மாலை அவர் மகளைக் கூட்டிக்கொண்டு வயலுக்கு வந்தார். செருப்பை வரம்பில் விட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார்.

“நான்தான் பிடிச்சது, வயத்துப்பாட்டுக்குப் பிடிச்சேன், பொறுத்துக்கிடணும். இத அப்பிடியே சொல்லு மக்ளே.”

அவள் சொன்னாள். தவளைகள் நிறுத்தின, பிறகு எல்லாம் சேர்ந்து பேசின. பரீட்சையில் காது கொடுத்துக் கேட்கும் பகுதியில்தான் அவளுக்கு எப்போதும் மார்க் குறையும். பையப் பேசுங்கள் என்று கெஞ்சி, இன்னொரு முறை சொல்லவைத்தாள்.

“பொறுக்கதப் பத்தி ஒண்ணும் பேசல்ல அப்பா. இந்த வயல் வெள்ளம் வாற வருஷமும் இங்கதான் கெடக்குமாண்ணு கேக்குது.”

ததேயுஸ் செம்மண் குவியலைப் பார்த்தார். “உனக்க வீடுல்லா மக்ளே. நீ என்ன சொல்லுதா?”

“எங்கிட்ட கேக்கல்லியே. உங்ககிட்டேல்லா கேக்குது.”

அவர் தவளைகள் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, ஆமா என்பதற்கு அதுகளின் பாஷையில் என்ன என்று கேட்டார். வீ என்றாள். அந்த ஓரெழுத்தை அவர் ஏலா முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும், மேட்டில் இருந்த தன் ரப்பர் விளையில் மரங்களை வெட்டி அங்கே வீடு கட்டிக்கொள்ளும்படி மருமகனுக்குப் போனில் சொன்னார். அவர் பிழைப்பே அந்த விளைதான். “ரப்பர் போனா நமக்குக் கஞ்சிக்கு?” என்று நேசபாய் கேட்டாள். கேட்டுவிட்டுச் சோற்றைப் போட்டாள். ஆன்ஸ்லின் முதலில் கத்தினான். காலையில் அவனே கூப்பிட்டு, தவளைகள் பேசுவது பாரிஸ் பிரெஞ்சா மான்ட்ரியல் பிரெஞ்சா என்று மட்டும் விசாரித்தான். அன்றைய ஆராதனையில் ததேயுஸ் மணிக்கூண்டுக்குப் போகவில்லை. வரிசையில் நடந்து, முழங்காலிட்டு, கையை நீட்டினார். போதகர் ஒரு கணம் தயங்கினார். சபை முழுவதும் தம்பியைத் திரும்பிப் பார்த்தது. ஒன்றும் புரியாவிட்டாலும் தம்பிக்கு அழுகை வந்தது.

செம்மண் குவியலில் புல் முளைத்தது, பிறகு அதில் மரச்சீனிக் கிழங்கும் நட்டார்கள். டியூஷன் பிள்ளைகளைக் காது பழக மழைக்காலத்தில் வேன் வைத்துக் கூட்டிவருகிறார்கள். ததேயுஸ் கூலிக்கு அடுத்தவர் ரப்பர் வெட்டுகிறார். ஷைஜா பரீட்சையில் தேறி மான்ட்ரியல் போனாள். போன புதிதில் ஒருநாள் போனில், “அப்பா, இங்க ஆளுவ எல்லாம் நமக்க வயல்ல உள்ளதுவள மாதிரியேதான் பேசுதாவ” என்று சொல்லிச் சிரித்தாள். ததேயுஸுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் தெரியவில்லை.

“பின்ன? இங்கேருந்து போனதத் தின்னுல்லா வளந்தாவ” என்றார்.