வேலி தாண்டிய ஆர்கா

நாய்க்குட்டியைக் கொடுக்கிற அம்மாள் குட்டியைத் தரலாமா என்று முதலில் வீட்டைப் பார்க்க வருகிறாள் என்று தெரிந்ததிலிருந்து மிலோத்தா ஓரிடத்தில் உட்காரவில்லை.

ஓநாய்க் கலப்பு நாய் வளர்க்க வேண்டும் என்பது அவள் கணவன் வ்ராத்கோவின் சிறுவயது ஆசை. அவன் ரயில்வேயில் சிக்னல் வேலைக்குப் போய்விடுவான். வீட்டிலேயே பல் செட் செய்து கொடுக்கும் மிலோத்தாதான் நாள் முழுக்க நாயோடு இருந்தாக வேண்டும். இதுவரை இருவரும் ஒரு பூனையைக்கூட வளர்த்ததில்லை.

அந்த ஜாதி நாய் தோண்டும், தாவும், தாழ்ப்பாளைத் திறக்கும், தனியே விட்டால் சோபாவைக் கிழிக்கும் என்று படித்துப் படித்தே அவளுக்குப் பாதி உயிர் போயிருந்தது. செருப்புகளைப் பரணில் ஏற்றினாள். கதவுக் கைப்பிடிகளைக் கழற்றி உருண்டைக் குமிழ்களாக மாற்றச் சொன்னாள். வ்ராத்கோ ஆளுயரத்துக்கும் மேலே கம்பி வேலி போட்டு, அதன் அடிப்பக்கத்தை மண்ணுக்குள் புதைத்தான். வேலி மூலையை ஒட்டி அழகாக ஒரு நாய்க்கூண்டும் கட்டினான்.

பக்கத்து மேய்ச்சல் நிலத்துக்காரர் ஓந்த்ரே மாமா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். போன இலையுதிர்காலத்தில் மலையிலிருந்து இறங்கிய ஓநாய்கள் அவருடைய ஆடுகளைக் கடித்துப் போட்டிருந்தன.

"காட்டுல இருக்கறது பத்தாதுன்னு காசு குடுத்து வேற வாங்குறீங்களா?" என்றார்.

மிலோத்தாவுக்குள்ளும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மதியம், குட்டியைக் கொடுக்கும் க்வெத்தா அம்மாள் வந்தாள். கனத்த உடம்பு, முழங்கால் வலி. கூடவே குட்டியின் தாய் ஆர்கா. சாம்பல் நிறம், மஞ்சள் கண், நீண்ட கால்கள். மிலோத்தா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"வேலியை நான் பாத்து என்ன பிரயோஜனம்? இவ பாக்கட்டும்" என்று க்வெத்தா கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

ஆர்கா வேலியோரமாக ஒரு சுற்றுச் சுற்றியது. மூலையில் நின்று நிமிர்ந்து பார்த்தது. சட்டென்று கூண்டின் கூரைமேல் ஏறி, அங்கிருந்து ஒரே தாவில் வேலியைத் தாண்டி மாமாவின் மேய்ச்சல் நிலத்துக்குப் போய்விட்டது.

"அட கடவுளே! படிக்கட்டையும் நீங்களே கட்டி வெச்சிருக்கீங்களே!" என்றாள் க்வெத்தா.

ஆடுகள் கத்திக்கொண்டு ஒன்றோடொன்று முட்டி ஒதுங்கின. ஒரு பெட்டை ஆடு பள்ளத்தில் தாவி விழுந்தது. ஓந்த்ரே வைக்கோல் வாரும் கவைக்கம்போடு ஓடி வந்தார். வ்ராத்கோ கையை ஆட்டிக் கத்தியபடி துரத்த, ஆர்காவுக்கு அது விளையாட்டாகிவிட்டது. அவன் ஓட ஓட, அது இன்னும் வேகமாக ஆடுகளைச் சுற்றியது.

"துரத்தாதப்பா, நில்லு!" என்று நொண்டிக்கொண்டே க்வெத்தா அலறினாள். "மிலோத்தா, நீ போ! அது பக்கம் முதுகைக் காட்டிக் கீழ உக்காரு!"

முதுகைக் காட்டவா? ஆனால் மாமா கவைக்கம்பை ஓங்கியிருந்தார். அவள் கேட்டைத் திறந்து ஓடி, ஈரப்புல்லில் அப்படியே உட்கார்ந்தாள். வ்ராத்கோவும் ஒரு வழியாக நின்றான்.

பின்னால் புல் சரசரத்தது. கழுத்தில் சூடாக மூச்சுப் பட்டது. ஈர மூக்கு ஒன்று அவள் காதை முகர்ந்தது. மிலோத்தா மெல்லக் கையைப் பின்னால் கொண்டுபோய்க் கழுத்துப் பட்டையைப் பிடித்தாள். ஆர்கா திமிறவில்லை. அழுகை வந்தது அவளுக்குத்தான்.

க்வெத்தா மூச்சிரைக்க வந்து கயிற்றை மாட்டினாள். "கூண்டை நடுவுக்குத் தள்ளுங்க. வேலி உச்சியை உள்பக்கமா வளைச்சு விடுங்க. அப்புறம், இந்தப் பெரியவர் சரின்னு சொன்னாத்தான் குட்டி."

"நான் எதுக்குச் சொல்லணும்?" என்றார் ஓந்த்ரே. "என் ஆடு கால் ஒடிஞ்சு கெடக்கு!"

ஒடியவில்லை, பிசகியிருந்தது. மிலோத்தா ஆட்டின் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள, அவர் கட்டுப் போட்டார்.

"இவ்ளோ பயந்தவளுக்கு இது எதுக்கும்மா?" என்றார்.

"தெரியல மாமா. மொதல்ல அவருக்காகத்தான் சரின்னேன். இப்ப அது என் காதை மோந்துச்சு பாருங்க... வேண்டாம்னு சொல்ல வாய் வரல. உங்க ஆடுங்களுக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னும் பயமா இருக்கு."

அவர் முடிச்சை இறுக்கினார்.

"சரி, குட்டி வரட்டும். வளர்ந்தப்புறம் கொண்டு வராத. வந்த அன்னிக்கே இங்க கொண்டா. என் கிடாகிட்ட ஒரு முட்டு வாங்கட்டும். அப்பதான் ஆடுன்னா என்னன்னு தெரியும்."

கூண்டு நகர்ந்தது, வேலி வளைந்தது. பிளம் மரங்கள் பூத்த வாரத்தில் குட்டி வந்தது. காரில் வழிநெடுக மிலோத்தாவின் மடியில் வாந்தி எடுத்தபடியே வந்தது. வீட்டுக்குள் நுழையாமல் நேரே மாமாவின் பட்டிக்குப் போனார்கள். கிடா தலையைத் தாழ்த்தி ஒரு செருமல் செருமியதுதான் தாமதம், வருங்கால ஓநாய் மிலோத்தாவின் கவுனுக்குள் புகுந்து, பயத்தில் அவள் பூட்ஸ்மேல் ஒன்றுக்குப் போனது.

"நல்லா இருக்கும்மா உங்க ஓநாய்!" என்று ஓந்த்ரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மிலோத்தாவும் சிரித்தபடி குட்டியைக் கையில் எடுத்தாள். குட்டியின் இதயம் அவள் உள்ளங்கையில் படபடவென்று அடித்துக்கொண்டது. இதைத் தனியாக விட்டு நாளைக்குக் கடைக்கு எப்படிப் போவது என்று அதற்குள் கவலைப்பட ஆரம்பித்திருந்தாள்.