பல் பிடுங்கும் கமிட்டி

அவளை வீட்டில் 'தூசி' என்றுதான் கூப்பிடுவார்கள். பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணக் காப்பகத்தில் வேலை. காலமானவர்களின் சொந்தக் காகிதங்களை மூட்டை மூட்டையாக வாங்கி, துடைத்து, அடுக்கி, அட்டவணை போடுவது அவள் பிழைப்பு. சாயங்காலம் வாசலில் அவளுக்கு முன்னால் அவள் தும்மல் வரும். அதைக் கேட்டதும் அண்ணி உள்ளேயிருந்து, "தூசி வந்தாச்சு, பாத்திரத்தையெல்லாம் மூடுங்க" என்று குரல் கொடுப்பாள். நாற்பதைத் தொடப்போகிற நாத்தனாருக்கு வரன் பார்ப்பதை அண்ணி கைகழுவி வெகுகாலமாயிற்று. காரணம், வந்தவர்களையெல்லாம் தூசி சிரித்தே விரட்டியிருந்தாள்.

பொது மருத்துவமனையின் பழைய தலைமை டாக்டர் இறந்தபோது, அவர் மனைவி வீட்டிலிருந்த காகிதங்களை ஒரு வண்டி நிறைய ஏற்றிக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார். கூடவே தானும் வந்தார்.

"கல்யாணமான நாள்லேருந்து பேப்பரோடதான் குடித்தனம் பண்ணேன். இனிமே நீ பண்ணிக்கோம்மா" என்று சொல்லி, கைகளைத் தட்டிக்கொண்டு கிளம்பினார். துக்க வீட்டுக்காரி மாதிரியே இல்லை, வீடு காலியான சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

வண்டி வந்த மறுவாரமே மருத்துவமனையிலிருந்து ஆள் வந்துவிட்டார். பதிவறைப் பொறுப்பாளர். காதோரம் நரைத்த கட்டைப் பிரம்மச்சாரி, சட்டைப் பையில் ஒரு ரப்பர் முத்திரை, பையைச் சுற்றி ஊதா மைக்கறை. எதைக் கண்டாலும் 'டப்' என்று குத்திவிடுவார் என்பதால் அங்கே அவருக்கு 'சீல்' என்றே பெயர். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி உடைந்து, மருத்துவமனையின் கமிட்டிக் கூட்டக் குறிப்புகள் எல்லாம் கூழாகிவிட்டனவாம். மிச்சமிருப்பது டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோன பிரதிகள்தான்.

"அது ஆபீஸ் சொத்துங்க. கொடுத்துடுங்க" என்று சொல்லிக்கொண்டே மேலே கிடந்த தாளை எடுத்து, முத்திரையை ஓங்கிவிட்டார்.

தூசி பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள். "ஐயையோ! இங்க பேனாவே கூடாது, பென்சில் மட்டும்தான். இதை இப்படிக் கொடுங்க!"

முத்திரை அவளுடைய இழுப்பறைக்குள் போயிற்று. சீல் பல் பிடுங்கிய பாம்பாக உட்கார்ந்திருந்தார்.

இரண்டு பக்கத்து மேலதிகாரிகளும் தொலைபேசியில் கத்திப் பார்த்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தூசியும் சீலும் காப்பகத்தின் படிப்பறையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பிரிக்க வேண்டும். ஆபீஸ் காகிதம் மருத்துவமனைக்கு, சொந்தக் காகிதம் நூலகத்துக்கு. கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது.

முதல் தாளை எடுத்தார்கள். போர்வை கொள்முதல் பற்றிய கூட்டக் குறிப்பு. "எங்களுது" என்று சீல் இழுத்தார். தூசி தாளைத் திருப்பினாள். பின்பக்கம் முழுக்கக் கோழி கிறுக்கியதுபோல் கையெழுத்து. "இது எங்களுது" என்று அவள் இழுத்தாள். அடுத்த தாளும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி.

"முன்பக்கம்தாங்க கணக்கு."

"எது முன்பக்கம்னு யார் சொன்னது?"

"அப்ப என்ன, ரெண்டா உரிச்சு எடுத்துக்கலாமா? இது வெங்காயமா?"

டாக்டரின் மனைவியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "புதுத்தாள்ல எழுதினா அவருக்குக் கை நடுங்கும்மா. உசிரு போனாலும் பழைய தாள்தான். ஏதோ நாடகம் கீடகம்னு எழுதிட்டிருப்பாரு. ஒரு எழுத்து எனக்குப் புரிஞ்சா கேளு!"

தூசிக்கும் புரியவில்லை. எத்தனையோ பேரின் கிறுக்கலைப் படித்தவள் டாக்டர் எழுத்தில் தலைகுப்புற விழுந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள், மாட்டினாள், வெளிச்சத்தில் பிடித்தாள். எதிரே இருந்தவர் தொண்டையைச் செருமினார்.

"டாக்டருங்க எழுத்து மருந்துக் கடைக்காரருக்குப் புரியும், எனக்குப் புரியும். படிக்கட்டுமா?"

படித்தார். ஒரு நோயாளி பல்வலியோடு மருத்துவமனைக்கு வருகிறான். எந்தப் பல்லைப் பிடுங்குவது என்று தீர்மானிக்கக் கமிட்டி கூடுகிறது. தலைவர் மேல்பல் என்கிறார், பொருளாளர் கீழ்ப்பல் என்கிறார், தலைமைச் செவிலி, "ஐயா, ஆளுக்கு வாய் திறந்தே இருக்கு, ஈ போயிட்டு வருது" என்கிறார். சீல் தலைவருக்குக் கட்டைக்குரல் கொடுத்தார், செவிலிக்குக் கீச்சுக்குரல் கொடுத்தார். முகத்தில் மட்டும் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. தூசிக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தும்மலோடு மோதி, மூக்கு வழியாக வெடித்தது. அடக்க அடக்கப் பீறிட்டது. மேஜைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு சிரித்தாள்.

பக்கங்களுக்கு எண் இல்லை, காட்சிகள் கலைந்து கிடந்தன. ஆனால் மறுபக்கத்துக் கூட்டக் குறிப்பில் தேதி இருந்தது. போர்வைக் கூட்டத்துக்குப் பின் மெத்தைக் கூட்டம், மெத்தைக்குப் பின் மூட்டைப்பூச்சிக் கூட்டம். அந்த வரிசையில் அடுக்கினால் நாடகமும் தானாக வரிசைக்கு வந்தது. சீல் படிக்க, தூசி பென்சிலால் எழுதிக்கொண்டாள். கொஞ்ச நாளில் அந்த எழுத்து அவளுக்கும் பிடிபட, அவளே செவிலி ஆகிவிட்டாள். அவர் கீச்சுக்குரல் கொடுத்தால் அவளால் எழுத முடியவில்லை.

படிப்பறையில் தினமும் மூலையில் உட்காரும் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருநாள் எழுந்து வந்தார். கொட்டாவி விட்டால்கூட 'உஷ்' என்பவர். தூசி அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தப் பொருளாளர் பேச்சை இவ்வளவு சப்புன்னு படிக்கக் கூடாது" என்றார் அவர். "அந்தப் பென்சில் நகலை இப்படிக் கொடுங்க, நான் படிக்கிறேன்."

அன்றிலிருந்து மூன்று பேர். பிறகு துப்புரவு அக்காவும் வாயிற்காவலரும் வந்து நின்றார்கள். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழே ஒரே அமளி.

அண்ணி கவனித்துவிட்டாள். பாத்திரம் துலக்கும்போது தூசி தனியாகச் சிரிக்கிறாள், தலைவாரும்போது கீச்சுக்குரலில் பேசுகிறாள். "ஏங்க, உங்க தங்கச்சிக்கு ஏதோ ஆயிடுச்சு" என்று அண்ணனிடம் சொன்னாள். "தும்மல் நின்னுபோச்சு, கவனிச்சீங்களா?"

கடைசி மூட்டையும் முடிந்தது. நாடகம் பாதியில் நின்றது. நோயாளி நாற்காலியில், கமிட்டி ஓட்டெடுப்பில், அவ்வளவுதான். அப்புறம் டாக்டர் ஓய்வுபெற்றுவிட்டார், எழுதப் பழைய தாள் கிடைக்கவில்லை.

"முடிவு தெரியாம எப்படிங்க தூங்கறது?" என்றார் சீல். உண்மையாகவே கண் கலங்கியிருந்தார்.

"நாமளே எழுதிடுவோம்" என்று தூசி சொன்னாள். சொன்ன பிறகுதான் 'நாம' என்ற வார்த்தை காதில் விழுந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். பேராசிரியர், "எழுதுங்களேன், உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலை என்ன இருக்கு?" என்றார்.

எழுதினார்கள். கமிட்டி ஓட்டெடுப்பில் சமம். அதற்குள் வலித்த பல் தானே விழுந்துவிடுகிறது. விழுந்த பல் மருத்துவமனையின் சொத்தா, நோயாளியின் சொந்தமா என்று முடிவு செய்ய இன்னொரு கமிட்டி அமைக்கப்படுகிறது.

இருவரும் எழுதிக் கொடுத்த அறிக்கையைப் படித்த மேலதிகாரிகள், தாள்களைப் பிரிக்க முடியாது, ஒரே தொகுப்பாக நூலகத்தில் இருக்கட்டும், மருத்துவமனைக்கு நல்ல நகல் கொடுங்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். நாடகத்தை நூலகக் கூடத்தில் படித்துக் காட்டவும் அனுமதி கிடைத்தது. நோயாளி வேஷம் நூலக இயக்குநருக்கு. வசனம் கிடையாது, வாயைத் திறந்து உட்கார்ந்தால் போதும். அதையும் மறந்து மூடிவிட்டார். முன்வரிசையிலிருந்து அவர் மனைவி, "வாயைத் திறங்க! வீட்ல மட்டும் மூடவே மாட்டீங்க!" என்று அதட்ட, கூடம் அதிர்ந்தது. டாக்டரின் மனைவி சிரித்துச் சிரித்து, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த மனுஷன் இவ்வளவு வேடிக்கையானவரா? என்கிட்ட ஒருநாள்கூடப் படிச்சுக் காட்டலையே, பாவி!" என்றார்.

எல்லாம் முடிந்து படியிறங்கும்போது சீல் கேட்டார்: "நாளையிலேருந்து நான் இங்க வர ஒரு காரணமும் இல்லைங்க. ஏதாவது காரணம் சொல்ல முடியுமா?"

தூசிக்கு வந்த சிரிப்பில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க" என்று மூச்சு வாங்கச் சொன்னாள். "அண்ணிகிட்ட அந்தக் கட்டைக்குரல்ல பேசுங்க. அவங்க சிரிச்சுட்டாங்கன்னா, அண்ணன் தானா சம்மதிச்ச மாதிரிதான்."

"சிரிக்கலைன்னா?"

"கீச்சுக்குரல் இருக்கே!"

கூடத்திலிருந்து கடைசி ஆட்கள் வெளியே வந்தார்கள். அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. எழ முயன்றால் மறுபடி சிரிப்பு வந்தது.